கறுப்பு மரணத்தின்போது ஆடுமாடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

கேள்வி: பெரியபட்டினம் ஆட்டுக்காரி

அனைவருக்கும் சலாம், வணக்கம்.

போன கார்த்திகையில் என் பட்டியில் பதினேழு வெள்ளாடு நின்றன. தை பிறந்தபோது ஆறுதான் மிச்சம். ஆட்டுக்கொல்லி நோய். முதலில் ஒரு கிடாவுக்குக் கண்ணில் நீர் வடிந்தது. வாடைக்காற்று படுத்துகிறது என்று நினைத்துச் சாக்கைப் போர்த்திவிட்டேன். மறுநாள் மூக்கோரம் சளி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வாயைப் பிளந்து பார்த்தால் ஈறு முழுவதும் தவிடு தூவியதுபோல் வெளுப்பு. விரலால் தடவியதும் அது கழன்று வந்தது, அடியில் செக்கச்செவேலென்று புண். அதன்பிறகு கழிச்சல். விலாவைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றபடியே என்னைப் பார்க்கும். படுத்த ஆடு ஒன்றுகூட எழவில்லை. பனங்காட்டு ஓரம் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். பதினோரு ஆடு. கடைசிக் குழிகளை வெட்டியது பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன்.

அவன் கேட்டதைத்தான் இங்கே கேட்கிறேன். கறுப்பு மரணம் என்று சொல்கிறார்களே, அந்தப் பழைய காலத்துப் பிளேக் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்தான். 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு மக்களாவது இறந்துபோனார்கள், பாதி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உம்மா, அவர்கள் வளர்த்த ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நோய் ஆடுமாடுகளையும் கொன்றதா? மனிதர் இறந்த வீட்டில் அவற்றின் கதி என்ன ஆனது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த நோய் நம் கரைக்கு வந்ததா? எங்கள் ஊரில் வீடு கட்ட வானம் தோண்டினால் சீனத்துப் பீங்கான் சில்லு வருகிறது. பாரசீகத்து ஹுர்முஸ் துறைமுகத்திலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் பாண்டியர் கரைக்கு வந்தன என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் இருந்து சரக்கு வந்து இறங்கிய இடத்துக்கு நோய் வராமலா இருந்திருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மகனிடம் படித்துக் காட்ட வேண்டும்.

பதில் 1: சாயல்குடி இளைஞன்

ராத்தா, பதினோரு ஆடு போனது பெரிய இழப்பு. எங்கள் வீட்டிலும் இரண்டு போயின.

நான் இணையத்தில் பல இடங்களில் படித்தது இது: 13ஆம் நூற்றாண்டில் போப் ஒன்பதாம் கிரெகரி பூனைகளைச் சாத்தானின் பிராணி என்று சொல்லிக் கொல்லச் சொன்னாராம். பூனை குறைந்து எலி பெருகி, அதனால்தான் பிளேக் அவ்வளவு பரவியதாம். விலங்குக்கு மனிதன் செய்த கொடுமை அவனுக்கே திரும்பியது என்று எழுதியிருந்தார்கள். உண்மையா என்று மூத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், திருப்புல்லாணி

தங்கச்சி, நீங்கள் எழுதிய அந்தத் தவிடு தூவிய ஈறு என் கண்முன்னே நிற்கிறது. முப்பத்தோரு ஆண்டு இந்தக் கரையில் சைக்கிளிலும் மொபெட்டிலும் ஊசிப் பெட்டியோடு அலைந்தவன் நான். உங்கள் மகன் கேட்ட கேள்வியை இத்தனை ஆண்டில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததை முழுவதும் சொல்கிறேன்.

சாயல்குடித் தம்பிக்கு முதலில். அந்தப் பூனைக் கதை உண்மையில்லை. 1233ல் போப் எழுதிய கடிதம் ஜெர்மானிய நாட்டில் சிலர் இரகசியச் சடங்கு நடத்துகிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறது. அந்தச் சடங்கில் ஒரு கறுப்புப் பூனை வருகிறது. பூனைகளைக் கொல்லுங்கள் என்ற கட்டளை அதில் இல்லை. நோய்க்கும் கடிதத்துக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் இடைவெளி. அது போக, பூனை பிளேக்கிலிருந்து யாரையும் காப்பாற்றாது. நோயுற்ற எலியைத் தின்ற பூனைக்கே தாடைக்கடியில் நெறி கட்டிக் காய்ச்சல் வரும், பல பூனைகள் செத்துப்போகும், பார்த்துக்கொண்டவருக்கும் தொற்ற வைக்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இன்றும் அப்படி நடக்கிறது. நாய் அவ்வளவு எளிதில் விழாது. லேசாகச் சுணங்கித் தேறிவிடும்.

இது அடிப்படையில் எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணிகளின் நோய். மத்திய ஆசியாவின் மலைப்புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் மர்மோட் என்ற பிராணியிடம் இது காலங்காலமாக இருக்கிறது. கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே ஒரு பழைய கல்லறைத் தோட்டம் உண்டு. 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அங்கே வழக்கத்தைவிட மிக அதிகமான கற்கள் நடப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்தவர் என்றே செதுக்கியிருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் பல்லிலிருந்து பிளேக் கிருமியின் மரபணுவை எடுத்துவிட்டதாக 2022ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பின்னால் ஐரோப்பாவை அழித்த கிருமிக்கு அதுவே மூதாதை.

ஆடுமாடு இந்த நோயில் பெருவாரியாகச் சாவதில்லை. ஒட்டகத்துக்கு வரும், வெள்ளாட்டுக்கும் வரக்கூடும். செம்மறி, மாடு, பன்றி ஆகியவை எளிதில் பிடிபடாதவை. ஆகவே அந்த நாளில் எழுதியவர்கள் மந்தை மந்தையாகச் செத்தன என்று சொல்லும்போது, அதில் எது பிளேக், எது வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து எழுத்தாளர் பொக்காச்சியோ ஒரு காட்சி எழுதுகிறார். செத்துப்போன ஏழை ஒருவனின் கந்தலைத் தெருவில் எறிந்திருந்தார்கள். இரண்டு பன்றிகள் வந்து மூக்கால் கிளறி, பல்லால் கவ்வி உதறின. சற்று நேரத்தில் விஷம் தின்றவைபோல் சுழன்று அந்தக் கந்தல்மேலேயே விழுந்து செத்தன. கண்ணால் கண்டேன் என்கிறார். என்னால் இதை நம்ப முடியவில்லை. என் வேலைக்காலத்தில் அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய் எல்லாம் பார்த்திருக்கிறேன். அடைப்பான்கூட ஒரு பிராணியை அப்படித் தொட்டதும் வீழ்த்தாது.

ஆனால் அதே மனிதர் எழுதிய இன்னொன்றை நான் ஓர் எழுத்து விடாமல் நம்புகிறேன். நாட்டுப்புறத்தில் குடியானவர்கள் இறந்து, மாடு, கழுதை, செம்மறி, வெள்ளாடு, பன்றி, கோழி, ஏன், எசமானை விட்டு நகராத நாய்கள்கூட வெளியே துரத்தப்பட்டன. அறுவடை ஆகாத வயல்களில் அவை இஷ்டம்போல் மேய்ந்தன. பகலெல்லாம் மேய்ந்து வயிறு நிறைந்ததும், ஓட்டிவர ஒருவரும் இல்லாமல், அந்தியில் தாங்களே வீடு திரும்பின என்று எழுதுகிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஒரு குடும்பமே வாந்திபேதியில் படுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதே தெருவுக்கு நான் ஊசி போட வந்திருந்தேன். இருட்டும் நேரம். அந்த வீட்டு வெள்ளாடுகள் எட்டோ ஒன்பதோ, கண்மாய்ப் பக்கமிருந்து வரிசையாக வந்து, பூட்டிய படலுக்கு முன்னால் நின்றன. கத்தின. தாயாடு ஒன்றுக்கு மடி பாறைபோல் கெட்டித்துக் காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டி உள்ளே அடைபட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து படலைப் பெயர்த்து உள்ளே விட்டார். அந்த ஒரு தெருவில் ஓடிவர ஓர் ஆள் இருந்தார். பிளாரன்ஸைச் சுற்றியிருந்த ஊர்களில் பக்கத்து வீடும் பூட்டியிருந்தது, அதற்குப் பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. உங்கள் மகன் கேட்டதற்குப் பதில் இதுதான், தங்கச்சி. யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மடத்தைச் சேர்ந்த ஹென்றி நைட்டன் என்னும் துறவியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். ஒரே மேய்ச்சல் நிலத்தில் 5,000 செம்மறிகளுக்கு மேல் செத்துக் கிடந்தன. எந்த மிருகமும் பறவையும் தொடாத அளவுக்கு அழுகின. செம்மறிக்கே உரிய ஏதோ ஒரு நோய் அந்த நேரத்தில் சேர்ந்து வந்திருக்க வேண்டும். மற்ற ஆடுமாடுகள் பயிருக்குள் புகுந்து திரிந்தன. விரட்டவோ சேர்த்துக் கட்டவோ ஆளில்லாமல் பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் விழுந்து செத்தன. சாவு பயத்தில் எதையும் வாங்குவாரில்லை. 40 ஷில்லிங் பெறும் குதிரை 6 ஷில்லிங் 8 பென்ஸுக்குப் போனது. ஓர் ஆட்டுக்குட்டி 2 பென்ஸ். அடுத்த அறுவடையில் கதிர் அறுக்க நாளுக்கு 8 பென்ஸும் சாப்பாடும் கொடுக்காமல் ஆள் கிடைக்கவில்லை. அந்த நோய்க்கால விலையில் கணக்குப் பார்த்தால், ஒரு நாள் கூலிக்கு நான்கு குட்டி! நம் ஊரில் எந்தக் காலத்திலாவது அப்படி நடந்திருக்கிறதா? பார்த்துக்கொள்ளும் கை போனதும் ஆடு விலையற்றுப் போயிற்று. கை விலை ஏறிற்று. கூலியை 1346ல் இருந்த அளவுக்கு இறக்க அரசர் 1351ல் சட்டம் போட்டும் முழுதாகப் பலிக்கவில்லை.

ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. மனிதர்களின் பிளேக் வருவதற்கு முப்பது ஆண்டு முன்னாலேயே மாடுகளின் பிளேக் வந்துவிட்டது. 1315 முதல் மூன்று ஆண்டு ஓயாத மழை, பஞ்சம். அதன் பின்னாலேயே மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்து 1319ல் இங்கிலாந்தைத் தொட்டது. பாதிக்கும் மேல் மாடுகள் செத்தன. வெக்கை நோயாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெக்கை என்ற சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். ஏர்மாடு போனால் உழவு போயிற்று. கறவை போனால் பிள்ளைக்குப் பால் போயிற்று. அந்தப் பாலில்லாத ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள்தாம் 1348ல் முப்பது வயது ஆண்களும் பெண்களுமாக நின்று பிளேக்கை வாங்கினார்கள். மாடு செத்த கணக்கை மனிதர் செத்த கணக்கிலிருந்து தனியாகப் பிரித்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் ஆடுகளைக் கொன்ற நோய்க் கிருமி அந்த வெக்கைக் கிருமிக்கு நெருங்கிய உறவு. வெக்கை 2011ல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஊசி ஊசியாகப் போட்டு ஒழித்த வேலையில் என் கையும் இருந்தது என்பது எனக்குப் பெரிய நிறைவு. ஆட்டுக்கொல்லியும் ஒருநாள் அப்படிப் போகும் என்று நம்புகிறேன்.

பெரியபட்டினம் ஆட்டுக்காரி

ஐயா, படித்துக் காட்டினேன். பூட்டிய படலுக்கு முன்னால் ஆடுகள் நின்ற இடத்தில் மகன் போனை வாங்கித் தானே மறுபடி படித்தான். பிறகு எழுந்து போய்ப் பட்டியைப் பார்த்துவிட்டு வந்தான்.

அவன் கேட்கச் சொன்னது: எல்லா நாட்டிலும் இப்படிக் கூலி ஏறி, பிழைத்தவர்கள் நன்றாக வாழ்ந்தார்களா?

பதில் 3: கீழக்கரை ஆசிரியர்

இல்லை, ராத்தா. உங்கள் மகனிடம் எகிப்தைச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு அது எளிதில் புரியும்.

நம் கண்மாய்கள் எப்படி நிற்கின்றன? வரத்துக்காலில் ஆள் இறங்கி மண் அள்ள வேண்டும். கரை உயர்த்த வேண்டும். மடையைப் பார்க்க வேண்டும். கலுங்கு உடையாமல் காக்க வேண்டும். மூன்று ஆண்டு குடிமராமத்து நின்றால் உள்ளே சீமைக்கருவேலம் காடாகிவிடும். நைல் நதிப் பாசனமும் அப்படித்தான். வெள்ளத்தைத் தேக்கும் கரைகளும் வாய்க்கால்களும் ஆயிரக்கணக்கான கைகளால் ஆண்டுதோறும் வெட்டிக் கட்டப்பட்டவை. 1348ல் வந்த பிளேக் அதன் பிறகும் அலையலையாகத் திரும்பத் திரும்ப வந்தது. குடியானவர்கள் குறைந்தார்கள். கரை உடைந்தது, வாய்க்கால் தூர்ந்தது, விளைநிலம் சுருங்கியது. இங்கிலாந்தில் மழை பெய்தது, புல் தானாக முளைத்தது; ஆள் குறைந்த நிலத்தில் செம்மறியை விட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். கண்மாயை நம்பிய நாட்டில் ஆள் போனால் நீரும் போய்விடும். பிழைத்தவன் கையில் மிஞ்சியது வறண்ட நிலம்.

எகிப்தின் வடகரையில் புருல்லுஸ் என்று ஒரு பெரிய உப்பங்கழி ஏரி உண்டு. அங்கே மீன்பிடிக்கப் படகேறியவர்கள் படகிலேயே இறந்தார்கள், மிஞ்சிக் கரைக்கு வந்தவர்களும் வீட்டாரோடு இறந்தார்கள் என்று மகிரீசி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். இதை வகுப்பில் சொன்ன நாளில் மீனவப் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நம் கரைக்கு ஒரு சாட்சி இருக்கிறார். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1340களின் நடுவில் இலங்கையிலிருந்து, அரபிகள் மஅபர் என்று அழைத்த நம் கரைக்கு வந்தார். அப்போது மதுரையில் சுல்தான் கியாசுதீன் தாமகானி. பதூதா சொல்லும் 'பத்தன்' என்ற துறைமுகம் பெரியபட்டினம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. தேவிபட்டினம் என்பவர்களும் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் உங்கள் ஊரில் அகழாய்வு செய்து எடுத்த சீனப் பீங்கான்களைப் பார்த்தால் என் மனம் உங்கள் ஊர்ப் பக்கமே சாய்கிறது. அழகான பெரிய நகரம், நல்ல துறைமுகம், கனத்த மரத்தூண்கள்மேல் நிறுத்திய பெரிய மண்டபம் என்று வர்ணிக்கிறார்.

அவர் மதுரைக்குள் போனபோது அங்கே கொள்ளைநோய். பிடித்தவர் மறுநாளோ மூன்றாம் நாளோ இறந்தார். மிஞ்சினால் நான்காம் நாள். வீட்டைவிட்டு வெளியே வந்தால் நோயாளியையோ பிணத்தையோதான் கண்டேன் என்கிறார். நலமாக இருக்கிறாள் என்று நம்பி வாங்கிய அடிமைப்பெண் அடுத்த நாளே இறந்தாள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் போனார்கள். பதூதாவுக்கே கடுங்காய்ச்சல் கண்டது. பிழைக்கமாட்டேன் என்று நினைத்தவருக்குப் புளி நினைவுக்கு வந்தது. அங்கே ஏராளமாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு போயிற்று, எழுந்துவிட்டார். உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே புளிதான்.

இதைப் பிடித்துக்கொண்டு கறுப்பு மரணம் மதுரைக்கு வந்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியது என்று மதுரையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் இலக்கியத்திலும் ஊர் ஊராக அழிந்த சுவடு இல்லை. படையும் பஞ்சமும் இருந்த காலத்தில் வாந்திபேதியே ஒரு நகரத்தை மூன்று நாளில் படுக்கவைக்கும். மெய்யான பிளேக்கை அவர் 1348ல் சிரியாவில் கண்டார். டமாஸ்கஸில் மூன்று நாள் நோன்பிருந்து முஸ்லிம்கள் குர்ஆனையும் யூதர்கள் தவ்ராத்தையும் கிறிஸ்தவர்கள் இஞ்சீலையும் ஏந்தி வெறுங்காலோடு சேர்ந்து நடந்து துஆ கேட்டதை எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் யூதர்கள்மேல் கிணற்றில் விஷம் கலந்ததாகப் பழிசுமத்தி நூற்றுக்கணக்கானவர்களை எரித்தார்கள். ஒரே நோய்தான். பதூதா ஊர் திரும்பும் வழியில்தான் தம் தாயாரும் அந்த நோயில் இறந்துவிட்டார் என்று அறிந்தார்.

பதில் 4: மண்டபம் வாசி

ஆசிரியர் காக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1300களில் வராத நோய் 1896ல் பம்பாய்க்குக் கப்பலில் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் மக்கள் இறந்தார்கள். அதன் நிழல் எங்கள் ஊர்மேல் நேராக விழுந்தது. மண்டபம் கேம்ப் என்று இன்று பஸ் நிறுத்தத்தில் எழுதியிருக்கிறதே, அந்தக் கேம்ப் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதித்த இடம். 1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலம்.

என் பாட்டியின் அம்மா முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து அந்த வழியாகத்தான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். பாட்டி சொல்லிக் கேட்டது: துணி மூட்டையை வாங்கி ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம், சேலையில் ஈயச்சொம்பு வாசம் வந்ததாம். மடியில் மறைத்துக் கொண்டுபோன ஒரு பெட்டைக்கோழிக் குஞ்சைக் கண்டுபிடித்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டை விட்டதற்கு அழாதவர் அந்தக் குஞ்சுக்காக அழுதாராம்.

இப்படி நிறுத்திவைக்கும் வழக்கமே அந்தப் பழைய பிளேக்கில் பிறந்தது. குரோவேஷியா நாட்டில் இன்றைய துப்ரோவ்னிக் என்ற துறைமுக நகரம், அன்று ரகூசா. நோய் உள்ள ஊரிலிருந்து வருபவர்கள் ஊருக்கு வெளியே முப்பது நாள் தங்கிய பிறகே நுழையலாம் என்று 1377ல் சட்டம் செய்தார்கள். பிற்பாடு அது நாற்பது நாளாயிற்று. அந்த நாற்பதுதான் வெள்ளைக்காரன் சொல்லும் குவாரன்டீன்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், திருப்புல்லாணி

மண்டபத்தார் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. பம்பாயும் பஞ்சாபும் பட்ட பாட்டைச் சென்னை மாகாணம் படவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் பட்டது. பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. நம் கரை பெரும்பாலும் தப்பியதற்கு ஒரு காரணம், தெள்ளுப்பூச்சி. எலி செத்து உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளு இறங்கி மனிதரைக் கடிக்கும். நோய் அப்படித்தான் ஏறும். 1898ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். 1914ல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோது அங்கே வேலை பார்த்த ஹெர்ஸ்ட் என்பவர் எலிகளின் தெள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். கொழும்பிலும் சென்னையிலும் மிகுந்திருந்தது ஆஸ்டியா என்ற வேறு இனம். பிளேக்கைக் கடத்துவதில் அது மந்தம். நம் வெயிலும் தெள்ளுக்கு ஆகாது. சாமியும் காத்தது, பூச்சியும் காத்தது என்று நான் சொல்வேன்.

தங்கச்சி, மிஞ்சிய ஆறும் நோய் கண்டு தேறியவை என்றால், அவற்றுக்கு இனி அந்த நோய் வராது. புதிதாகக் குட்டி வாங்கினால் நேரே பட்டியில் விடாதீர்கள். தனியாகக் கட்டி, தனித் தண்ணீர்த் தொட்டி வைத்து, அவற்றைக் கடைசியாகக் கவனித்துவிட்டுக் கைகால் கழுவுங்கள். மூன்று மாதம் நிறைந்த குட்டிக்கு ஊசி போட்டுவிடலாம். ஏறத்தாழ மூன்று ஆண்டுக்குக் காவல். சந்தையில் வாங்கும்போது வாயைப் பிளந்து ஈறைப் பாருங்கள். உங்களுக்கு இப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

பெரியபட்டினம் ஆட்டுக்காரி

ஐயா, காக்கா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சந்தையில் இரண்டு பெட்டைக்குட்டி வாங்கினோம். ஈறு ரோஜா நிறமாக இருந்தது. மகன்தான் வாயைப் பிளந்து பார்த்தான். பின்கொல்லையில் பழைய மீன்வலையை நான்கு கம்பில் கட்டித் தடுத்து, உடைந்த மண்பானையின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்கு வைத்திருக்கிறான். எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். ரகூசாக்காரர்கள் வைத்த கணக்கு முப்பது என்றான். அடுப்புக்கரியால் சுவரில் முதல் கோடு போட்டிருக்கிறான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், ஐயா. இரண்டும் இரவெல்லாம் தாயைத் தேடிக் கத்துகின்றன. பட்டியிலுள்ள ஆறும் இந்தப் பக்கம் திரும்பிப் பதில் கொடுக்கின்றன. வலைக்கும் பட்டிக்கும் நடுவே பன்னிரண்டு அடிதான் இருக்கிறது. அது போதுமா, இன்னும் தள்ளிக் கட்ட வேண்டுமா?